கைம்பெண்குருவி அந்தரத்தில் நின்ற இடம்

எங்கள் பக்கத்து ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மூன்று இடங்களில். மாதா கோயிலில், சாவு வீட்டில், கைம்பெண்குருவி அந்தரத்தில் நிற்கும் இடத்தில். மாதா கோயில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ரியோ பிராங்கோவில் இருப்பதால் அங்கே கழற்றும் வேலை அதிகம் இல்லை. சாவு வீடு எப்போதாவது வரும். மிச்சம் அந்தக் குருவிதான். வசந்தகாலத்தில் சதுப்புக் கோரைக்கு மேலே வெள்ளையாக ஒன்று சிறகடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றால், குதிரையில் போகிறவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவான். குறுக்கே போகமாட்டான். கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது, அவள் துக்கம் காக்கிறாள் என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிவைத்திருக்கிறார்கள். நாங்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்துவந்தோம்.

அந்த வழக்கத்தால் நான் ஒரு மனிதனைச் சாகவிடப் பார்த்தேன். அவன் என் உயிர் நண்பன் நெமேசியோ தெச்சேரா. அவன் சாகாமல் பிழைத்ததற்குக் காரணம் அவன் மனைவி ஸுல்மிரா ஃபாரியாஸ். ஊரில் இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் செய்கிற பாலாடைக்கட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நல்ல பாலாடைக்கட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, நான் உபால்தினோ, வேலி போடுகிறவன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நெமேசியோவும் வேலி போடுகிறவன்தான். அவன் குழி தோண்டுவான், நான் கம்பம் நடுவேன். அவன் கம்பியை இழுப்பான், நான் முடுக்குவேன். ஏழு கம்பி வேலி. எங்கள் இரண்டு பேர் கையும் படாத வேலி இந்தப் பக்கத்தில் கிடையாது. 1961இல் அவன் மட்டும் தனியாக எல்லையில் ஓடும் யாகுவரோன் ஆற்றைத் தாண்டி, பிரேசிலில் ஒரு பண்ணைக்கு வேலி போடப் போனான். இரண்டு மாத வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன் ஐந்து மாதம் கழித்து ஒரு கம்பிச் சுருளோடும் ஒரு பெண்டாட்டியோடும் வந்து இறங்கினான். நான் முதலில் கம்பிச் சுருளைப் பற்றித்தான் விசாரித்தேன்.

ஸுல்மிராவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உயரம், எலும்பு தெரிகிற உடம்பு, யாரையும் நேராகப் பார்க்கிற கண். வந்த அன்றே மாமியாரோடு முட்டிக்கொண்டாள். நான் அங்கேதான் இருந்தேன், சேணத்தை இறக்கிக்கொண்டு. வாசல் கதவுக் கம்பத்தின்மேல் அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது.

"பாருங்க அத்தை, கல்யாணப்பொண்ணு வாசல்லயே வந்து உக்காந்திருக்கா" என்றாள் ஸுல்மிரா.

மாமியார் எவுஸ்தாகியா கையிலிருந்த மாத்தேக் குடுவையை, குழல் வைத்து உறிஞ்சும் இலைத் தேநீரை, கீழே வைத்தாள். "எந்தக் கல்யாணப்பொண்ணு?"

"அதோ. வெள்ளையா."

"அது கைம்பொண்ணு. வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே என் பையனுக்கு இதை வேற காட்டணுமா நீ?"

"எங்க ஊர்ல அது கல்யாணப்பொண்ணுதான். வெள்ளைப் பாவாடையைப் பாருங்க."

"கறுப்புச் சால்வையை நீ பாரு."

இரண்டும் உண்மை. உடம்பு முழுக்கப் பால் மாதிரி வெள்ளை. இறக்கையும் வாலும் கன்னங்கறுப்பு. ஒரே குருவி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பாவாடையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சால்வையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அது ஆற்றைத் தாண்டும்போது தன் பெயர் மாறுவது தெரியாமல் பறந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு பல வருஷம் அவளைச் சீண்டுவதற்கு எங்களுக்கு இது ஒன்று போதுமாக இருந்தது. செனோவியோவின் கடைக்குச் சர்க்கரை வாங்க வருவாள். ஊரே தோன் என்று மரியாதையாகக் கூப்பிடும் செனோவியோ சும்மா இருக்கமாட்டார்.

"என்ன பிரேசில்காரி, உன் கல்யாணப்பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைச்சாச்சா?"

"கெடைச்சா சொல்றேன் தோன் செனோவியோ. உங்க ஊர்லதான் கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளையப் பொதைச்சிடுவீங்களே."

கடையே சிரிக்கும். செனோவியோ சர்க்கரையை ஒரு பிடி குறைத்து நிறுப்பார். அவள் அதையும் சொல்லிக் காட்டி வாங்கிக்கொண்டு போவாள்.

அவர்களுக்கு மூத்த பெண் பிறந்ததும் நான் ஞானத்தகப்பன் ஆனேன். அன்றிலிருந்து நான் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் எனக்குக் கொமாத்ரே. இந்த உறவு வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆணும் பெண்ணும் நீ நான் என்று பேசிக்கொள்வது நின்றுவிடும். ஆனால் கேலி நிற்காது.

அவளுக்கு நான்கு மாடுகள். விடிந்ததும் பட்டியில் பால் கறப்பாள். அந்தச் சமயத்தில் கதவிலிருந்து மூன்றாவது கம்பத்துக்குக் குருவி வந்துவிடும். கூடவே டிராகன்கள் வரும். அந்தப் பறவைகளுக்கு ஏன் இந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது. நெருப்பும் கக்காது ஒன்றும் கக்காது. மைனா அளவு, தலையும் மார்பும் தங்க மஞ்சள், முதுகு கறுப்பு. ஒரு பெண்ணின் பின்னால் சுற்றுகிறவனையும் எங்கள் ஊரில் டிராகன் என்றுதான் சொல்வோம், எனவே அந்தக் குருவி பற்றி எங்கள் இளவட்டங்கள் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். ஸுல்மிரா கறந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"கொம்பாத்ரே, சத்தம் போடாம அங்கயே நில்லுங்க. எத்தனை டிராகன்னு எண்ணுங்க."

எண்ணினேன். "பத்து."

"பதினொண்ணு. ஒண்ணு சாணிக்குப் பின்னாடி நிக்குது. இப்ப அவளைப் பாருங்க."

குருவி கம்பத்தின் உச்சியில் அசையாமல் இருந்தது. தலை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. டிராகன்கள் எல்லாம் தரையில், புல்லுக்குள் தலையை விட்டுப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றாவது தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டுமே. இல்லை. குருவி அடுத்த கம்பத்துக்குப் போனது. பதினொரு தங்கத் தலைகளும் புல்லிலிருந்து ஒரே நேரத்தில் எழுந்து, அந்தக் கம்பத்தடியில் போய் இறங்கின. மறுபடி தலை புல்லுக்குள். அடுத்த கம்பம். மறுபடி அப்படியே. யாரும் ஓட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"அவ பாத்துக்குவான்னு தெரியும், அதனால இதுங்க பாக்கறதில்ல."

அப்போதுதான் பருந்து வந்தது. நான் பார்க்கவில்லை, டிராகன்களும் பார்க்கவில்லை. குருவி மெல்லிசாக ஒரு குரல் கொடுத்தது. அதற்குச் சத்தமே கிடையாது, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அடுத்த கணம் தரையில் ஒன்றும் இல்லை. பருந்து வெறும் புல்லின்மேல் இறங்கி, ஏமாந்துபோய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

நாற்பது வருஷம் இந்த மண்ணில் குதிரையில் போய்வந்தவன் நான். அந்தக் குருவியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், தொப்பியைக் கழற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அதை உண்மையில் பார்த்ததில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்வது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. ஸுல்மிரா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு எதுவும் நடக்காதது போல உள்ளே போனாள். அவளுக்கு அது தினமும் நடப்பது.

1979 அக்டோபரில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் நெமேசியோவின் செந்நிறக் குதிரை தனியாக வீட்டுக்கு வந்தது. சேணம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வயிறு நனைந்திருந்தது. முழங்கால்வரை சேறு. அவன் காலையில் பண்ணை வேலியின் கடைசிப் பகுதியைப் பார்த்துவரப் போனவன். அன்றைக்கு எனக்குப் பல் வலி, கூடப் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் பதினொரு பேர் அவர்கள் வீட்டு முற்றத்தில் கூடினோம். செனோவியோதான் தலைமை. அவர் குதிரையைச் சுற்றிவந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, ஓடைத்துறையில் விழுந்திருக்கிறான் என்று முடிவு செய்தார். ஓடை வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் தலையாட்டினோம்.

"ஏன் துறைன்னே முடிவு பண்ணிட்டீங்க?" என்றாள் ஸுல்மிரா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"குதிரை வயிறு நனைஞ்சிருக்கும்மா."

"குதிரைக்குத் தாகம் எடுக்கக்கூடாதா?"

"நீ வீட்ல இரு. சுடுதண்ணி தயாரா வச்சிரு. நாங்க பாத்துக்கறோம்."

நாங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஓடையைத் துழாவ நீளக் கயிறும் கொக்கியும் வேண்டும். பண்ணைக் கிடங்கில் இருக்கிறது, போய் எடுத்துவா என்று என்னை அனுப்பினார்கள். குறுக்கு வழியில், கோரைக்காட்டு ஓரமாகப் போனேன். ஒன்பது மணி இருக்கும். வேலிக் கம்பியில் டிராகன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தரையில் ஒன்றுகூட இல்லை. கோரைக்கு மேல், எனக்கு முப்பது அடி தூரத்தில், குருவி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் இறங்கும், மறுபடி மேலே ஏறும், அதே இடத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் அது அவ்வளவு வெள்ளையாக இருந்தது.

செத்த ஆடு, என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டேன். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று ஆரம்பித்துப் பாதி சொன்னேன். குதிரையை இடப்பக்கம் திருப்பி, அந்த இடத்தை நன்றாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு கணமாவது நெமேசியோவின் பெயர் மனதில் வந்ததா என்று எத்தனையோ தடவை என்னை நானே கேட்டிருக்கிறேன். வரவில்லை. அவனைத்தான் ஓடையில் தேடிக்கொண்டிருந்தோமே.

கயிற்றோடு துறைக்குப் போனேன். வேறு வழியாகத்தான். மூன்று மணி நேரம் சேற்றுத் தண்ணீரைத் துழாவினோம். ஒரு செத்த கன்றுக்குட்டி கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. உச்சிவேளையில் நான் நிமிர்ந்து முதுகை நீட்டியபோது, தூரத்தில் கோரைக்காட்டுக்கு மேல் வெள்ளையாக ஒன்று அந்தரத்தில் நின்று அடித்துக்கொள்வது தெரிந்தது. என் கை தானாகத் தொப்பிக்குப் போய்விட்டது. அதன்பிறகுதான் அது ரொம்பப் பெரிது என்பது உறைத்தது.

அது ஸுல்மிராவின் மேலங்கி. அவள் தன் பெட்டைக்குதிரையின் சேணத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, அதைக் கழற்றி இரண்டு கையாலும் வீசிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கோரைக்குள் மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நெமேசியோ உயிரோடு இருந்தான். முந்தின நாள் சாயங்காலம் குதிரையின் கால் ஒரு வளைக்குள் போய், அவன் மேலேயே அது விழுந்திருக்கிறது. இடதுகால் தொடையில் முறிந்திருந்தது. எழும்போது அதன் குளம்பு பட்டுத் தாடை இரண்டாக உடைந்திருந்தது. ஒரு சத்தம் போட அவனால் முடிந்திருக்காது. உதடு வெடித்து, கண்ணோரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்தான். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். வலி என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் மிதிக்காதீங்க" என்றாள் ஸுல்மிரா.

அவன் தலைமாட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு முள்ளிலைப் புதர். அதன் அடியில், புல்லால் செய்த கிண்ணத்தில், மூன்று முட்டைகள். குருவி எங்கள் தலைக்கு மேலே நின்று அந்த மெல்லிசுக் குரலில் திட்டிக்கொண்டேயிருந்தது.

"மனுஷன் சாகக் கெடக்கறான், இப்பக் குருவி முட்டையா முக்கியம்?" என்றார் செனோவியோ.

"முக்கியம்தான். சுத்திப் போங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

வண்டி வரும்வரை கம்பளியை விரித்து அவனை அதில் கிடத்தினோம். செனோவியோவுக்கு மனசு ஆறவில்லை. கேட்டே விட்டார்.

"கைம்பொண்ணு நின்னா செத்த இடம்னு அர்த்தம். நீ எப்படி உயிரோட இருப்பான்னு தைரியமா வந்தே?"

அவள் அவன் வாயில் துணியால் தண்ணீர் பிழிந்துகொண்டே சொன்னாள். அழுதுகொண்டும் இருந்தாள், ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"இன்னைக்குப் பால் கறக்கறப்ப அது கம்பத்துக்கு வரல. பதினெட்டு வருஷத்துல வராத நாளே கெடையாது. கதவு மேல ஏறி நின்னு பாத்தேன். இங்க நின்னுச்சு. வெண்ணெய் கடைஞ்சிட்டு ஏறிப் பாத்தேன், இங்கயேதான். அப்புறமும் ஏறிப் பாத்தேன், இங்கயேதான். நரின்னா நகந்துட்டே இருக்கும், அதுவும் கூடவே நகந்துட்டுப் போகும். செத்ததுன்னா, தோன் செனோவியோ, செத்ததோட எந்தக் குருவி சண்டைக்கு நிக்கும்? செத்தது அதை என்ன பண்ணிடும்? முட்டைக்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு போகவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது. அது இதைத்தான் சொல்லிட்டிருந்துச்சு."

எங்கள் பாட்டன்மார், அவர்களுடைய பாட்டன்மார், இத்தனை பேர் இத்தனை காலம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுற்றிப் போன இடங்களில் எல்லாம் கீழே ஏதோ ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது.

"காலைல யாருமே இந்தப் பக்கம் வரலையா?" என்று கேட்டாள்.

"இல்ல, எல்லாரும் துறையிலதான் இருந்தோம்" என்றார் செனோவியோ.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டின கயிற்றையே அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு நூறு அடி போனதும் திரும்பிப் பார்த்தேன். குருவி கோரைக்குள் இறங்கியது. டிராகன்கள் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. இந்தப் பக்கம் ஒரு உயிர் போகுமா நிற்குமா என்று இருந்தது, அந்தப் பக்கம் அது கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

மெலோ ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் அவன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். வாழ்க்கை முழுக்கக் கம்பி கட்டினவனை இப்போது கம்பி கட்டிவிட்டார்கள் என்று ஊர் சிரித்தது. சூப்பை உறிஞ்சக் கொடுத்தார்கள். மாத்தேயை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் அவன் சம்மதிக்கவில்லை. அதுவும் குழலில் உறிஞ்சுவதுதானே, தாடை எதற்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான். கால் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. நாங்கள் மறுபடி வேலி போட ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். ஸுல்மிரா மாத்தே ஊற்றித் தருவாள். முதல் சில மாதம் அவள் கையிலிருந்து குடுவையை வாங்கும்போது எனக்குக் கை கூசும். அப்புறம் அதுவும் பழகிப்போயிற்று. மனுஷனுக்கு எதுதான் பழகாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நெமேசியோ எனக்குப் புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தான். நல்ல கம்பளித் தொப்பி, கறுப்பு.

"இருக்கிறது போதாதா?" என்றேன்.

"அது விளிம்பெல்லாம் போச்சு. நீ சும்மா சும்மா கழட்டிப் போடற ஆளு" என்றான். ஸுல்மிரா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

1988இல் தலைநகரத்திலிருந்து சில்வானா என்று ஒரு பெண் வந்தாள், பறவை ஆராய்ச்சி. ஒரு மாதம் செனோவியோ கடைக்குப் பின்னால் தங்கியிருந்தாள். இந்தக் குருவியைப் பற்றிப் புத்தகங்களில் அரைப் பக்கம்தான் இருக்கிறது, கூட்டைப் பற்றி இரண்டே வரி என்று சொன்னாள். ஊர் ஊராகப் போய் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஸுல்மிராவோடு பத்து நாள் பட்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நாள் கடையில் அவளிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. கம்பத்து மேல உக்காருதே, சுத்த வெள்ளையா, அது ஆண். பொண்ணு முதுகுல சாம்பல் பூசினா மாதிரி இருக்கும், கூட்டுப் பக்கமே கெடக்கும்."

இதைக் கேட்டதும் கடையே அசந்துபோனது. கல்யாணப்பெண்ணும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. ஒரு ஆம்பிளையை வைத்துக்கொண்டு ஆற்றின் இரண்டு கரையும் இவ்வளவு காலம் சண்டை போட்டிருக்கிறது. ஸுல்மிரா மட்டும் அசரவில்லை.

"ஆம்பளையா? அதான் பாத்தேன், அவ்வளவு வெள்ளையா சட்டை. தொவைக்கிறது அந்தச் சாம்பல் முதுகுக்காரிதான்."

"அப்ப நான் என்ன பேர் எழுதட்டும்?" என்றாள் சில்வானா.

"உங்க இஷ்டம். நாம என்ன பேர் வச்சாலும் அவன் பாக்கற வேலையைப் பாத்துக்கிட்டுதான் இருப்பான்."

அவள் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாள்.

1994 நவம்பரில் நெமேசியோ செத்துப்போனான். மதியச் சாப்பாடு முடிந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு. யாரும் தேடவேண்டிய இடத்தில் இல்லை, தன் வீட்டில், தன் கட்டிலில். மறுநாள் பிற்பகல் நான் வாசலில் நின்றேன். அவன் கொடுத்த தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஊர் ஜனம் எல்லாம் முற்றத்தில் இருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கறுப்பு உடுத்தி. கைம்பெண் என்ற வார்த்தை மனதில் வந்தது.

அவள் என் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"இவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை கழட்டிட்டீங்க கொம்பாத்ரே. இவரு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு."

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தாடைக் கம்பியைப் பிரிச்சதும் இவரு வாய்ல வந்த மொதப் பேச்சு அதுதான். உபால்தினோ வந்தான், தொப்பியக் கழட்டினான், எனக்காகப் பாதி ஜெபம் சொன்னான், போயிட்டான்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு பாருங்க, தாடை மறுபடி ஒடைஞ்சிடும்னு நர்ஸம்மா ஓடி வந்துட்டா."

"சிரிச்சானா?"

"சிரிச்சாரு. அப்புறம் அழுதாரு. குதிரைச் சத்தம் கேட்டப்ப, வந்துட்டான்னு நெனைச்சாராம். உங்க முகத்தைக் கோரைச் சந்துல பாத்தாராம்." அவள் அவன் கையைச் சரியாக எடுத்து வைத்தாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா அவன் ஞாயித்துக்கிழமை வரமாட்டான், நான் யாரோட வேலி போடறதுன்னாரு."

பதினைந்து வருஷம். எழுநூறு எண்ணூறு ஞாயிற்றுக்கிழமை. அத்தனை நாளும் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் என்னோடு கம்பி இழுத்தான், அவள் எனக்கு மாத்தே ஊற்றினாள். அன்றைக்குக் கோரைக்காட்டில் அவள் செய்ததைப் பார்த்து நான் மலைத்துப்போயிருந்தேன். அது ஒன்றுமே இல்லை, இதற்கு முன்னால்.

"பின்ன இப்ப ஏன் சொல்றீங்க கொமாத்ரே?"

"இனிமே இவருக்காக நீங்க வரவேண்டியதில்ல. எனக்காக வர்றதா இருந்தா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

அடக்கம் புதன்கிழமை. வியாழன், வெள்ளி, சனி நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குதிரையில் ஏறினேன். கோரைக்காட்டு ஓரம் போகும்போது குருவி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. என் கை தொப்பிக்குப் போயிற்று. அதைக் கீழே இறக்கினேன். குதிரையிலிருந்து இறங்கி, கோரையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அது நின்ற இடத்துக்கு நேர்கீழே போய்ப் பார்த்தேன். முழங்கால்வரை நனைந்துவிட்டது.

ஸுல்மிரா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்காகத்தான் நின்றாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வழியில குருவி நின்னுச்சு. எறங்கிப் பாத்துட்டு வந்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"ஒரு தவளை."

"உயிரோடயா?"

"உயிரோட."

அவள் கதவைத் திறந்துவிட்டு, மாத்தேக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனாள்.